அண்ணனுக்கு நெஞ்சு, தங்கைக்கு நரம்பு

1. கொல்லைவாசல்

நான் தென்காசியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டாக்டர் என்னை வில்வண்டியில் ஏற்றி மேலகரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். டிஸ்பென்சரியில் பஞ்சு எங்கே இருக்கிறது, டிஞ்சர் எங்கே இருக்கிறது என்றுகூட நான் பார்த்து முடிக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து, அங்கேயே சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. தனியாக டிஸ்பென்சரி நடத்தும் எல்.எம்.பி. படித்த ஒரு டாக்டருக்கு நர்ஸ் எதற்கு என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. "பெரிய வீட்டுப் பொம்பளைக நெஞ்ச நான் தொட முடியாது சிஸ்டர். நீங்க தொடலாம். அதுக்குத்தான் ஒங்கள எடுத்தேன்" என்று வண்டியில் டாக்டர் சொன்னார். நான் தொட்ட பிறகு அவர்கள் தலைமுழுக வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அதை அந்த வீட்டார் சொன்னார்கள்.

வயலும் தோப்பும் கோயில் கட்டளையும் உள்ள வீடு. டாக்டர் முன்வாசல் வழியாகப் போனார். அவருடைய ஸ்டெதாஸ்கோப்பும் அவரோடு முன்வாசல் வழியாகப் போனது. நான் கொல்லைவாசல் வழியாகப் போனேன். உள்ளறையில் நானும் ஸ்டெதாஸ்கோப்பும் மறுபடி சந்தித்துக்கொண்டோம்.

நோயாளி பெயர் கோமதியம்மாள். வீட்டுத் தலைவர் குத்தாலிங்கம் பிள்ளையின் தங்கை. முப்பது வயதிருக்கும். கடையத்தில் கட்டிக்கொடுத்து, ஒரு பிள்ளை பிறந்து தங்காமல், படபடப்பு வருகிறது, வேலை ஓடவில்லை என்று புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார்கள். அறைக்கதவை ஒருக்களித்து வைத்து, உள்ளே முக்காலியில் உட்கார்ந்து, வலது கையை மட்டும் வெளியே நீட்டியிருந்தாள். வெளியே நாற்காலி போட்டு டாக்டர் அந்தக் கையில் நாடி பிடித்துக்கொண்டிருந்தார். அதுவரை எங்கள் டாக்டருக்குத் தெரிந்த கோமதியம்மாள் அந்த ஒரு கைதான்.

எனக்குச் சொல்லியிருந்த வேலை இது. அவர் வெளியே கையில் எண்ணுவார். அதே நேரம் நான் உள்ளே நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எண்ண வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்து 'ம்' என்றால் ஆரம்பம், மறுபடி 'ம்' என்றால் முடிவு. இதயம் தாளம் தப்பித் துடிக்கும்போது எல்லாத் துடிப்பும் கைவரை வந்து சேராது. வலுவில்லாத துடிப்பு வழியிலேயே அவிந்துவிடும். கையை மட்டும் பிடித்தால் எல்லாம் நிதானமாக இருப்பதுபோலத் தோன்றும். நெஞ்சைக் கேட்டால்தான் உள்ளே நடக்கும் கூத்து தெரியும். இப்போது ஈ.சி.ஜி. மெஷின் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. அன்று எங்களுக்கு இரண்டு பேரும் ஒரு கடிகாரமும் வேண்டியிருந்தது.

டாக்டருக்குக் கையில் எண்பதுக்குப் பக்கம் வந்தது. எனக்கு நெஞ்சில் நூற்றிருபதைத் தாண்டியது. ஒரு துடிப்புக்குப் பின் அடுத்தது எப்போது வரும் என்று சொல்லவே முடியவில்லை. நான் சொன்ன எண்ணைக் கேட்டு டாக்டர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். பிறகு இங்கிலீஷில், அண்ணனுக்கு உள்ள அதே ஆரிகுலர் ஃபைப்ரிலேஷன், தாளம் தப்பிய இதயம்தான் என்று என்னிடம் சொன்னார்.

எழுந்து முன்கட்டுக்குப் போய், காத்திருந்த குத்தாலிங்கம் பிள்ளையிடம் தமிழில் சொன்னது வேறு. "பயப்பட ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நரம்புத் தளர்ச்சி." உள்ளறையில் எனக்கு அது நன்றாகக் கேட்டது. என் பக்கத்தில் ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்த கோமதியம்மாளுக்கும் கேட்டது.

2. அருவியைப் பிரிந்த அண்ணாச்சி

அண்ணாச்சியின் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கும் தங்கைக்கும் சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டுப் போனாலும் நெஞ்சை விட்டுப் போகாது. இருவருக்கும் அது வைத்துவிட்டுப் போன மிச்சம் ஒன்றுதான்.

அண்ணாச்சி ஒருநாள் தோப்பிலிருந்து வந்து, "நெஞ்சுக்குள்ள யாரோ கதவத் தட்டிட்டு, நிறுத்தி, மறுபடி தட்டுத மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். உடனே தென்காசிக்கு வண்டி பறந்தது. டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சிலும் முதுகிலும் கேட்டார். துடிப்பை அடக்கும் டிஜிடாலிஸ் டிஞ்சர் ஆரம்பித்தார். அவர் வாரம் ஒருதரம் போய்ப் பார்க்க ஏற்பாடாயிற்று. அவுன்ஸ் கிளாஸில் தண்ணீர் ஊற்றி அவர் மனைவி சொட்டுச் சொட்டாக மருந்தை எண்ணி விடும்போது அந்த வீட்டில் ஒருவரும் பேசக்கூடாது. எண்ணிக்கை தப்பிவிடுமாம். அடுப்படியில் பாத்திரம் உருளக்கூடாது. அண்ணாச்சி படுத்தால் மாட்டின் கழுத்து மணியைக்கூட அவிழ்த்துவிடுவார்கள்.

அருவிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேலகரத்துக்காரருக்கு, அதுவும் குற்றாலநாதர் பெயரையே வைத்திருப்பவருக்கு, சாரல் நாளில் அருவி இல்லை என்றால் எப்படி இருக்கும்! வீடே துக்கம் கொண்டாடியது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பேரருவித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வண்டியில் கொண்டுவந்து, வெதுவெதுப்பாகக் காய்ச்சி, அண்ணாச்சி தலையில் பைய ஊற்றினார்கள். காய்ச்சிய அருவியில் குளித்த மனுஷனை என் வாழ்க்கையில் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

இதே நெஞ்சு, இதே கதவு தட்டுகிற சங்கதியை அவர் சொல்வதற்கு ஐந்தாறு வருஷம் முந்தியே தங்கை கடையத்தில் சொல்லியிருக்கிறாள். அங்கே கோடாங்கியைக் கூப்பிட்டு மந்திரித்துக் கயிறு கட்டினார்கள்.

3. வண்டிப் பேச்சு

வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத ஜென்மம் நான். முதல் நாள் என்றும் பார்க்காமல், திரும்பும் வழியிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டேன். நோய் ஒன்று என்றால் பெயர் எப்படி இரண்டாகும் என்று.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "கடையத்து மாப்பிள்ளைக்குப் பிள்ளை வேணும். இந்தப் பொண்ணுக்கு ஹார்ட்னு சொன்னா, இனிமே பிள்ளை பெறக்கூடாதுன்னும் நான் சேத்துச் சொல்லணும். சொன்ன மறுமாசம் அவன் வேற தாலி கட்டுவான். நரம்புன்னா சரியாயிரும்னு காத்துக்கிட்டு இருப்பான். டிஜிடாலிஸையே நரம்பு டானிக்னு லேபிள் ஒட்டிக் குடுத்துருவோம். மருந்துக்கு அதோட பேரு தெரியவா போகுது?"

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். படித்தவர், நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவர், அந்தப் பெண் வாழ வேண்டும் என்று நினைத்தவர். அண்ணாச்சிக்கு நெஞ்சு நோய் வந்ததும் பாலும் பழமும் வந்தன. அவருடைய பெண்டாட்டி அவரை விட்டுவிட்டு வேறு கட்டப் போவதில்லை. தங்கைக்கு அதே நோய் வந்தால் வாழ்க்கையே போகும். இதை எங்கள் டாக்டர் உண்டாக்கவில்லை. ஊர் உண்டாக்கி வைத்திருந்தது. அவர் அதற்குத் தோதாக ஒரு பொய்யைத் தைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

நல்லெண்ணத்தோடு சொன்ன பொய்க்குப் பின்னால் போய் அதைச் சரிசெய்ய ஆளே கிடைக்காது. இதை நான் அப்போது அறியவில்லை.

4. அவளுக்குத் தெரியும்

கோமதியம்மாளிடம் நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் கட்டிவைத்திருந்தேன். அவள் எனக்கு அந்த வேலையை வைக்கவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது அவளே கேட்டுவிட்டாள். "அண்ணனுக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒண்ணுதானே நர்ஸம்மா? அண்ணன் சொன்ன அன்னைக்கே நெனச்சேன். கடையத்துல நான் சொன்ன வார்த்தையில்லா அது."

ஆமாம் என்றேன். பிள்ளை பெறுவது ஆபத்து என்றேன். மருந்தை ஒருநாள்கூட விடக்கூடாது, குளிர்ந்த தண்ணீர் ஆகாது, மூச்சிரைக்க எதுவும் செய்யக்கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் தானாக என்னைத் தொட்டது அவள் ஒருத்திதான்.

"வெளிய சொல்லிராதீக. நெஞ்சு நோவுக்காரின்னு தெரிஞ்சா அவுக வேற கட்டிக்கிடுவாக. நான் அண்ணன் வீட்டு அடுப்படில கெடந்து சாகணும். கிறுக்கின்னு சொன்னாலும் பரவால்ல. கிறுக்கு தெளியும்னு காத்திருப்பாகல்லா."

புருஷன் மேல் அவளுக்குப் பிரியம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கடையத்தில் அவளுக்கென்று ஒரு அடுப்படி இருந்தது, முற்றத்தில் அவள் வைத்த நந்தியாவட்டை இருந்தது. அவற்றைப் பற்றித்தான் பேசுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

சில மாதம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. 'நரம்பு டானிக்' வேலை செய்தது. கையின் எண்ணிக்கையும் நெஞ்சின் எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அவள் முகத்தில் ரத்தம் ஊறியது. டாக்டர் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்கிறமாதிரி புருவத்தைத் தூக்குவார்.

5. ஒரு மண்டலம்

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் கடையத்து மாப்பிள்ளை வந்தார். மனைவி தேறியிருப்பதைப் பார்த்தார். நரம்புக் கோளாறுக்கும் சித்தக் கலக்கத்துக்கும் குற்றாலத் தண்ணீரை விட்டால் மருந்து ஏது என்று அந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளையும் சொல்லும். வெளியூரிலிருந்தெல்லாம் மூளை பிசகியவர்களைக் கொண்டுவந்து அருவியில் நிறுத்துவார்கள். ஒரு மண்டலம் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்கட்டும், முடிந்ததும் கூட்டிப்போகிறேன் என்றார் மாப்பிள்ளை. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு வீடு பிடித்தார்கள். அண்ணாச்சியின் மனைவி, கோமதியம்மாளுக்கு மதினி, துணைக்குப் போவதாக ஏற்பாடு. எண்ணெய்க் குளிப்புக்குப் பத்தியம் உண்டு. இங்கிலீஷ் மருந்து உள்ளே போனால் சூடும் குளிர்ச்சியும் மோதிக்கொள்ளுமாம். மதினி டானிக் பாட்டிலைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டாள். நரம்பு டானிக்தானே! அதே அலமாரியில் அதே மருந்து இன்னொரு பாட்டிலில் அண்ணாச்சிக்காக இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

டாக்டர் தடுக்கப் பார்த்தார். தண்ணீர் ரொம்பத் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மென்று விழுங்கினார். ஏன் என்று கேட்டால் சொல்ல அவரிடம் காரணம் இல்லை. காரணத்தை அவரே முன்பு புதைத்துவிட்டிருந்தார்.

டாக்டரோடு போயிருந்த நான், யாரும் கூப்பிடாமல் உள்கட்டிலிருந்து முன்கட்டுக்கு வந்து அண்ணாச்சிக்கு எதிரே நின்றேன். அந்த வீட்டில் நான் முன்கட்டை மிதித்தது அன்று ஒருநாள்தான். "அண்ணாச்சி, ஒங்களுக்கு இருக்கதுதான் ஒங்க தங்கச்சிக்கும். நரம்பு இல்ல, நெஞ்சு. அருவி ஒங்களுக்கு ஆகாதுன்னா அவுகளுக்கும் ஆகாது" என்றேன்.

அண்ணாச்சி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு தூணில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி உள்ளே பார்த்து, "ஏட்டி கோமதி, இந்த நர்ஸம்மா சொல்லுதது நெசமா?" என்று கேட்டார்.

ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் அவள் நின்றாள். நிலையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன.

"இல்லண்ணே. எனக்கு நரம்புதான். நர்ஸம்மா தப்பாச் சொல்லுதாக."

டாக்டர் எழுந்தார். நான் வந்த வழியே கொல்லைவாசலுக்குப் போனேன். வண்டியில் நான் பேசினேன். தென்காசி வரும்வரை பேசினேன். இங்கே எழுதக்கூடியது அதில் ஒன்றும் இல்லை.

6. வலது கை

மண்டலம் பாதிகூடத் தாண்டவில்லை. ஒரு காலையில் குற்றாலத்திலிருந்து வண்டி வந்து டிஸ்பென்சரி வாசலில் நின்றது.

நடந்ததை மதினி அழுதுகொண்டே சொன்னாள். இரண்டு மூன்று நாளாகவே படி ஏறினால் இரைத்திருக்கிறது. தெளிவதற்கு முன்னால் அப்படித்தான் கலக்கும் என்று சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். அன்று பெண்கள் பக்கம் கூட்டத்தில் அருவிக்கு அடியில் நின்றவள், முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கியிருக்கிறாள். "பாதிவரை தூக்குனா. அப்புறம் அந்தக் கை அவ சொன்னதக் கேக்கல நர்ஸம்மா. தொப்புன்னு விழுந்துட்டு. அவளும் அப்படியே சரிஞ்சுட்டா."

பாரிசவாயு. தாளம் தப்பிய இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். ஒரு துண்டு கிளம்பி மூளைக்குப் போனால் அங்கே அடைத்துக்கொள்ளும். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன. வண்டியிலிருந்து இறக்கி டிஸ்பென்சரி அறையில் பாயில் கிடத்தியிருந்த அவளிடம் டாக்டர் வந்தார். அன்று கதவும் இல்லை, மறைப்பும் இல்லை. அவளுடைய நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அவரே கேட்டார். வெளியே நீட்டி நீட்டி அவருக்குக் காட்டிய அதே வலது கை பாயில் கிடந்தது. அவர் அதைத் தூக்கி விட்டார், அது விழுந்தது.

வண்டி பிடித்து அண்ணாச்சியும் வந்துவிட்டார். அவரிடம் டாக்டர் அன்று உண்மையைச் சொன்னார். நெஞ்சுதான், அங்கிருந்து கட்டி போயிருக்கிறது என்றார். நரம்பு என்றாயே என்று அண்ணாச்சி அவர் சட்டையைப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். பிடித்தால் நானும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தயாராக நின்றேன். அண்ணாச்சி தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப எனக்கும் இப்படி வருமோ டாக்டர்?"

7. மிச்சம்

அருவிமேல் பழி போட மாட்டேன். அந்தச் சொட்டு மருந்து துடிப்பை அடக்கும், ரத்தம் கட்டுவதைத் தடுக்காது, அதனால் மருந்து குடித்திருந்தாலும் இது வந்திருக்கலாம் என்று இப்போதைய டாக்டர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவளுக்கு அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பல வருஷம் வேலை பார்த்தேன். இந்த நோய்க்காரர்களை எவ்வளவோ பேரைப் பார்த்தேன். ஆண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள். பெண்களைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள். ஆணுக்கு எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் போன வாரம் என்பார். பெண்ணைக் கேட்டால், கூட வந்தவர்கள் முந்திக்கொண்டு, இவளுக்கு ரொம்ப நாளாவே இந்தப் பயம் உண்டு என்பார்கள். நோய் அதிகமாகப் படுத்துவது பெண்களைத்தான் என்பது என் கணிப்பு. மயக்கம், அசதி, இரைப்பு என்று கூடுதலாகச் சொல்லுகிறவர்களும் அவர்கள்தான். அப்படிக் கூடுதலாகச் சொல்லுவதாலேயே நரம்பு என்ற பெயரும் வாங்கிக்கொள்கிறார்கள். பாரிசவாயுவில் விழுந்தவர்களிலும் நான் பார்த்தவரை பெண்களே அதிகம். காரணத்தைப் படித்தவர்கள் சொல்லட்டும். வேலைக்கு வரும் சின்னப் பெண்களிடம் நான் சொல்லுவது இதுதான். நோயின் பெயரை எவர் நன்மைக்காகவும் மாற்றாதீர்கள். வீட்டில் உள்ளவர்கள் நோய்க்கு வைத்தியம் செய்வதில்லை, நீங்கள் சொன்ன பெயருக்குத்தான் வைத்தியம் செய்வார்கள்.

கடையத்து மாப்பிள்ளை ஒருதரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தை மாதம் அவருக்குக் கல்யாணம் நடந்தது. டாக்டருடைய பொய், அவளுடைய பொய், இரண்டும் எதைக் காப்பாற்ற வந்தனவோ அது ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. நந்தியாவட்டை இருக்கிறதோ வெட்டிவிட்டார்களோ, எனக்குத் தெரியாது.

கோமதியம்மாள் அண்ணன் வீட்டு அடுப்படியை ஒட்டிய அறையில் கிடந்தாள். இப்போது அவளுக்கும் டிஜிடாலிஸ் கொடுத்தார்கள், சரியான பெயரோடு. வாரம் ஒருதரம் நாங்கள் போவோம். அண்ணாச்சியின் நாடியை டாக்டர் எண்ணும்போது எப்படி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று வீடே சுற்றி நிற்கும். தங்கையின் நாடியை நான் எண்ணும்போது அந்த அறையில் நாங்கள் இருவர்தான் இருப்போம்.

பாரிசவாயுவில் பேச்சுப் போனவர்களுக்குச் சிலசமயம் ஒரே ஒரு வார்த்தை மட்டும் திரும்பி வரும். எதைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். சாமி பெயர் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பிள்ளை பெயர் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோமதியம்மாளுக்கு வந்த வார்த்தை 'நரம்பு'. தண்ணீர் வேண்டுமா என்றால் நரம்பு. வலிக்கிறதா என்றால் நரம்பு. வீட்டுப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் சலித்துவிட்டது.

அவளுக்குப் புத்தி தெளிவாக இருந்தது. தான் சொல்லுவது தப்பான வார்த்தை என்று அவளுக்கே தெரியும். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். ஒருநாள் நான் அவளுடைய இடது கையை எடுத்து அவள் நெஞ்சின்மேல் வைத்தேன். உள்ளே தட்டி, நின்று, மறுபடி தட்டியது. "இது நெஞ்சு தாயி. என்னப் பாத்துச் சொல்லுங்க. நெஞ்சு" என்றேன்.

அவள் என் உதட்டையே பார்த்தாள். நாக்கை மேலே கொண்டுபோனாள். கழுத்து நரம்பு புடைக்க முயன்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"நரம்பு" என்றாள்.